பழக்கமும் பொறுப்பும்: போலிக் கட்டுப்பாட்டறை எழுப்பும் ஓர் ஒழுக்கவியல் வினா

ஒரு தொழிலை அதனைச் செய்வதனாலேயே மனிதன் கற்கின்றான் என்பது அரிஸ்ரோட்டில் தமது ஒழுக்கவியல் நூலிலே வலியுறுத்திய கருத்தாகும். வீடு கட்டுவோன் கட்டிக் கட்டியே கட்டடக்காரன் ஆகின்றான். யாழ் வாசிப்போன் வாசித்து வாசித்தே யாழ் வல்லோன் ஆகின்றான். அவ்வாறே நீதியான செயல்களைச் செய்து பழகியே ஒருவன் நீதிமான் ஆகின்றான் என்பது அவர் கொள்கை. அறமும் கைத்தொழிலும் ஒருங்கே பழக்கத்தில் வேரூன்றியவை என்னும் இக்கருத்தை மறுப்பவர் அரியர். ஆயினும், செய்து பழகுவதற்கு இடந்தராத தொழில்களும் உலகில் உள. அணுமின் நிலையமொன்றிலே நேரக்கூடிய பெருவிபத்தைத் தடுத்து நிறுத்துவது அத்தகைய தொழில். அந்நிலையத்தை இயக்குவோர் தம் பணிக்காலம் முழுவதிலும் அவ்வாறான விபத்து எதனையும் காணாதிருத்தல் வேண்டும். அது நேரும் நாளிலோ, அதனை நூறு முறை கண்டு பழகியோர் போன்று அவர் நடந்துகொள்ளல் வேண்டும். இவ்விரண்டு எதிர்பார்ப்புக்களையும் ஒருங்கே நிறைவு செய்யும் பொருட்டுத் தோன்றியதே சிமியுலேற்றர் எனப்படும் போலிக் கட்டுப்பாட்டறை.

இவ்வறை மெய்யான கட்டுப்பாட்டறையின் அச்சொட்டான வார்ப்பாக அமைக்கப்படுகின்றது. அதே பலகைகள், அதே பிடிகள், அதே நிறத்து விளக்குகள், அதே ஒலியோடு அலறும் எச்சரிக்கை மணிகள். பலகைகளுக்குப் பின்னால் மட்டும் உலையும் இல்லை, நீரும் இல்லை, நீராவியும் இல்லை. ஒரு கணினியே உண்டு. கண்ணாடிக்கு அப்பாலிருந்து பயிற்றுநர் ஒருவர் பழுதொன்றைத் தெரிந்தெடுத்து உள்ளே செலுத்துவார். பயில்வோர் அதனை இனங்கண்டு பரிகாரம் செய்வர். தவறினால் அறை மீண்டும் பழைய நிலைக்குத் திருப்பப்படும், எவரும் இறப்பதில்லை.

இவ்வெண்ணம் முதலில் விமானத் துறையிலேயே செயல்வடிவம் பெற்றது. இசைக்கருவிகள் செய்யும் குடும்பமொன்றிலே பிறந்த எட்வின் லிங்க் என்னும் அமெரிக்கர், தந்தையின் தொழிற்சாலையிற் கண்ட துருத்திகளையும் காற்றுக் குழாய்களையும் கொண்டு 1929 ஆம் ஆண்டளவில் நிலத்தை விட்டு எழாத விமானம் ஒன்றை அமைத்தார். தொடக்கத்தில் அதனைப் பொருட்படுத்தியோர் சிலரே. கண்காட்சித் திடல்களிலே காசு கொடுத்து ஏறி விளையாடும் பொருளாகவே அது பெரிதும் பயன்பட்டது. 1934 இல் அமெரிக்க இராணுவ விமானிகள் தபால் ஏற்றிச் செல்லும் பணியை மேற்கொண்டு, மோசமான காலநிலையிலே பலர் மாண்ட பின்னரே இராணுவம் அவற்றுள் ஆறினை விலைகொடுத்து வாங்கியது. மெய்யான சாவுகளே போலிக் கருவிக்கு வாயில் திறந்துவிட்டன என்பது கவனத்திற்குரியது. அணுமின் துறையிலும் அதுவே நிகழ்ந்தது.

தமிழ் இலக்கணத்திலே 'போலி' என்னும் சொல்லுக்கு இழிபொருள் இல்லை. 'அறம்' என்பது 'அறன்' என நின்றபோதும் பொருள் மாறுவதில்லை. ஓர் எழுத்தினிடத்தே பிறிதோர் எழுத்து நின்று அதே பணியைச் செய்வதே போலி. சிமியுலேற்றரை அமைப்போர் உரிமை கோருவதும் இதனையேயாம்: மெய்யறையினிடத்தே இவ்வறை நிற்கும், பொருள் மாறாது. இவ்வுரிமை எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது பொறியியல் வினாவாகத் தோன்றினும், அதனுள்ளே ஒழுக்கவியல் வினாவொன்று மறைந்து கிடக்கின்றது. போலியறையிலே பழகியதை மெய்யறையிலே பிழையறச் செய்து, அதன் விளைவாகவே கேடு நேருமாயின், அக்கேட்டுக்குப் பொறுப்பாளி யார்?

இவ்வினா கற்பனையன்று. 1979 ஆம் ஆண்டு மார்ச் 28 ஆம் திகதி விடியற்காலை நான்கு மணியளவில், ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலே, சுஸ்குவஹானா ஆற்றின் நடுவிலுள்ள திறீ மைல் ஐலன்ட் என்னும் தீவிலிருந்த இரண்டாம் அணுவுலைக்கு நீரூட்டும் பம்பிகள் நின்றுபோயின. அவ்வுலை வணிக முறையில் இயங்கத் தொடங்கி மூன்று மாதங்களே ஆகியிருந்தன. சுழலி நின்றது, சில செக்கன்களுள் உலையும் தானாகவே அணைந்தது. இவை யாவும் வகுத்தபடியே நடந்தேறின. உலையினுள் ஏறிய அமுக்கத்தைத் தணிப்பதற்கு வால்வு ஒன்று திறந்தது. அமுக்கம் தணிந்ததும் அது மூடியிருத்தல் வேண்டும். அது மூடவில்லை. உலையைக் குளிர்விக்கும் நீர் அதன் வழியே வெளியேறத் தொடங்கிற்று.

கட்டுப்பாட்டறையிலே அவ்வால்வுக்கென விளக்கொன்று இருந்தது. அவ்விளக்கு அணைந்துவிட்டது. வால்வு மூடிவிட்டதென இயக்குவோர் கொண்டனர். ஆனால் அவ்விளக்கு வால்வின் நிலையைக் காட்டுவதற்கு அமைந்ததன்று. வால்வுக்கு விடுக்கப்பட்ட மின் கட்டளையையே அது காட்டியது. 'மூடு' என்னும் கட்டளை போயிற்று என்பதே அணைந்த விளக்கின் முழுப்பொருள். கட்டளை நிறைவேறியதா என்பதை அறிவிக்க அவ்வறையிலே நேரான கருவி எதுவும் இருக்கவில்லை.

சிவஞான சித்தியார் அளவைகளை எண்ணுமிடத்து, பலராலும் பலவாக விரிக்கப்படும் அளவைகள் யாவும் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் எனக் கொள்ளும். இப்பாகுபாட்டைக் கொண்டு அன்றைய நிலையை நோக்கின் சிக்கல் தெளிவாகும். இயக்குவோர் கண்டது விளக்கை; வால்வையன்று. விளக்கு காட்சிக்கு உரியது. வால்வு மூடியமை கருதலுக்கு உரியது. புகை கண்டு நெருப்பைத் துணிவதற்குப் புகையும் நெருப்பும் பிரிவின்றி உடனிருத்தல் வேண்டும். கட்டளைக்கும் மூடுதலுக்கும் அத்தகைய உடனிருப்பு இல்லை. ஆயினும் பன்முறை பழகிய கருதல் நாளடைவிற் காட்சி போலவே தோன்றிவிடுகின்றது. விளக்கைக் கண்டவர் வால்வையே கண்டவர் ஆகிவிடுகின்றார். பழக்கத்தின் வலிமையும் அதன் கேடும் ஒருங்கே விளங்குவது இங்கேதான்.

அதனினும் கொடியது அடுத்து நிகழ்ந்தது. உலையிலிருந்து நீர் குறைவதைப் பொறிகள் உணர்ந்தன; இரண்டு நிமிடங்களளவில் அவசர நீர்ப் பம்பிகள் தாமாகவே இயங்கி நீரை உட்செலுத்தலாயின. அவ்வாறே விட்டிருந்தால் உலைக்கு ஊறு நேர்ந்திராது. ஆனால் சில நிமிடங்களுள் இயக்குவோர் அவற்றுள் ஒன்றை நிறுத்தி, மற்றையதன் ஓட்டத்தையும் குறைத்துவிட்டனர். அமுக்கத்தைச் சீர்செய்யும் கலத்திலே நீர்மட்டம் ஏறிக்கொண்டிருந்தமையே அதற்குக் காரணம். அக்கலத்தின் மேற்பகுதியில் எப்போதும் நீராவி இருத்தல் வேண்டும். முற்றாக நீரால் நிரம்பினால் அமுக்கத்தைக் கட்டுப்படுத்தும் வழி கைதவறிப்போகும் என்பது அவர்கள் மனத்திலே ஆழப் பதிந்த பாடம். பாடம் பிழையன்று. ஆனால் அன்று நீர்மட்டம் ஏறியது நீர் மிகுந்தமையாலன்று. அமுக்கம் வீழ்ந்ததனால் உலையினுள்ளே நீர் கொதித்து, அந்நீராவி எஞ்சிய நீரை மேலே தள்ளியமையால். கலம் நிரம்புவதாகத் தோன்றிய அதே வேளையில் உலை வறண்டுகொண்டிருந்தது.

அப்பணிமுறையில் இருந்த நால்வரும் கவலையீனர் அல்லர், பயிலாதாரும் அல்லர். நால்வரும் அமெரிக்கக் கடற்படையின் அணுவுலைகளிலே தொழில் பழகியவர்கள். முறையாகத் தேர்வெழுதி அனுமதி பெற்றவர்கள். உலையைச் செய்த பப்கொக் அன்ட் வில்கொக்ஸ் கம்பனி வேர்ஜீனியாவிலுள்ள லிஞ்ச்பேர்க்கில் நடாத்திய சிமியுலேற்றரிலே பயிற்சியும் பெற்றவர்கள். அச்சிமியுலேற்றரிலோ, அமுக்கம் வீழ்ந்துகொண்டிருக்கும்போதே கலத்தின் நீர்மட்டம் ஏறும் நிலை நிரலிடப்பட்டிருக்கவில்லை. மெய்யறையில் அன்று நிகழ்ந்தது போலியறையின் உலகத்தில் நிகழ முடியாத ஒன்று. முதற் சில நிமிடங்களுள் நூற்றுக்கு மேற்பட்ட எச்சரிக்கைகள் அலறிய அறையிலே நின்று, இல்லாத ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டியவராயினர் அந்நால்வரும். அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டிருந்ததோ, இருப்பது இன்னதெனக் காண்பது மட்டுமே.

ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரம் கழித்து, அடுத்த பணிமுறைக்கென வந்த மேற்பார்வையாளர் ஒருவரே அவ்வால்வு மூடாதிருக்கலாம் என ஐயுற்று, அதற்கு முன்னுள்ள தடுப்பு வால்வை மூடச் செய்தார். வெளியேறிய கதிரியக்கம் சிறிதளவே. ஆயினும் உலையின் மையத்திலே ஏறத்தாழ அரைப்பங்கு உருகிப்போயிருந்தமை 1980களின் நடுப்பகுதியிலேதான் உறுதியாகத் தெரியவந்தது.

சனாதிபதி கார்ட்டர் நியமித்த ஆணைக்குழுவுக்கு டாட்மத் கல்லூரியின் தலைவராக இருந்த கணிதவியலாளர் ஜோன் கெமனி தலைமை தாங்கினார். 1979 ஒக்ரோபரில் வெளிவந்த அதன் அறிக்கை, இயக்குவோரின் செயலே சிறு நிகழ்ச்சியைப் பெருவிபத்தாக்கியது என்பதை மறைக்கவில்லை. ஆயினும் அச்செயலின் வேர்களைப் பயிற்சியின் குறைபாட்டிலும், செயன்முறை ஏடுகளின் தெளிவின்மையிலும், கட்டுப்பாட்டறையின் அமைப்பிலும், முன்னைய நிகழ்ச்சிகளிலிருந்து பாடம் பெறத் தவறிய நிறுவனங்களிலும் அது கண்டது. காரணமாதலும் குற்றவாளியாதலும் ஒன்றல்ல என்னும் பழைய வேறுபாட்டையே ஆணைக்குழு தன் மொழியிலே கூறியது எனலாம்.

அறியாமையாற் செய்யப்படும் செயல் தன்விருப்பச் செயலாகாது என அரிஸ்ரோட்டில் கூறுவார். ஆனால் அதற்கு அவர் வரம்பு ஒன்றும் இடுவார்: அறியாதிருப்பதற்குத் தானே காரணமானவன் பழியிலிருந்து நீங்கான், குடித்துவிட்டு அறியாமற் செய்தவன் குடித்தமைக்குப் பொறுப்பாளியாவான். திறீ மைல் ஐலன்ட் இயக்குவோரின் அறியாமை இவ்வகையினதன்று. அவர்களின் அறியாமைக்கு அவர்கள் காரணராகார். அது அவர்களுக்குக் கற்பிக்கப்பட்ட அறியாமை. கல்லாமையாலன்றிக் கற்றதனாலே தோன்றும் அறியாமைக்கு அறவியலார் தனிப்பெயர் இட்டதாகத் தெரியவில்லை; இட்டிருத்தல் நன்று.

அவ்வாறாயின் கற்பித்தோர் குற்றவாளிகளா? அவர்களும் அறியாதிருந்தனர் என விடை கூறலாம். இவ்விடை எளிதில் ஏற்கத்தக்கதன்று. ஏனெனில் 1977 செப்ரெம்பர் 24 ஆம் திகதி, ஒஹையோ மாநிலத்தின் டேவிஸ்-பெஸ்ஸே நிலையத்தில், அதே கம்பனி செய்த உலையிலே, அதே வகையான வால்வு திறந்தபடியே நின்றது. அங்கும் நீர்மட்டம் ஏறக் கண்டு இயக்குவோர் அவசர நீரைக் குறைத்தனர். உலை அப்போது மிகக் குறைந்த வலுவிலே இயங்கியமையாலும், இருபது நிமிடங்களளவில் வால்வின் நிலை கண்டறியப்பட்டமையாலும் ஊறு நேரவில்லை. கம்பனியின் பொறியியலாளர் ஒருவர் 1978 பெப்ரவரியில் இதன் ஆபத்தை விளக்கி, நீரை நிறுத்தும் பழக்கத்தை மாற்றும் அறிவுறுத்தலை எல்லா நிலையங்களுக்கும் அனுப்ப வேண்டுமெனக் குறிப்பு எழுதினார். அக்குறிப்பு மேசைக்கு மேசை நகர்ந்தது. திறீ மைல் ஐலன்டுக்கு அவ்வறிவுறுத்தல் விபத்துக்கு முன்னர் வந்து சேரவில்லை. சிமியுலேற்றரின் நிரலும் மாறவில்லை.

பிளேட்டோ தமது 'குடியரசு' நூலின் பத்தாம் பகுதியிலே ஒவ்வொரு பொருளைப் பற்றியும் மூன்று கலைகள் உண்டு என்பார்: பயன்படுத்துங் கலை, செய்யுங் கலை, போலச் செய்யுங் கலை. குழலின் நன்மை தீமையை உண்மையில் அறிந்தவன் குழல் ஊதுவோனே. குழல் செய்வோன் அவன் சொற்கேட்டுச் செய்தல் வேண்டும். போலச் செய்வோனோ இரண்டையும் அறியான். கலைஞரைத் தாழ்த்தும் நோக்குடன் அவர் வகுத்த இப்பாகுபாடு கவிதையின் மட்டில் எவ்வளவு பொருந்துமோ அறியோம். அணுவுலையின் மட்டில் வியக்கத்தக்கவாறு பொருந்துகின்றது. சிமியுலேற்றரில் உலையைச் செய்தவனே அதனைப் போலச் செய்பவனாகவும் அமர்ந்து, பயன்படுத்துவோனுக்கு ஆசிரியனாகின்றான். அறிவு மேலிருந்து கீழே மட்டும் பாய்கின்றது. டேவிஸ்-பெஸ்ஸேயில் குழல் ஊதியவர்கள் குழலின் குறையைக் கண்டுவிட்டனர். அவர்கள் கண்டது குழல் செய்வோனின் பட்டறை வரையிற் சென்று அங்கேயே நின்றுவிட்டது. குற்றம் எனத் தயங்காது கூறத்தக்கது இதுவே. அறியாமை மன்னிக்கத்தக்கது, அறிந்ததை அறியவேண்டியவருக்குச் சேர்ப்பிக்காமை மன்னிக்கத்தக்கதன்று.

இக்குற்றம் ஒரு நாட்டுக்கோ ஒரு பொருளாதார முறைக்கோ உரியதன்று. 1986 ஏப்பிரல் 26 ஆம் திகதி உக்ரேனின் செர்னோபில் நிலையத்திலே உலையை அணைக்கும் பொத்தான் அழுத்தப்பட்டபோது, உட்சென்ற தண்டுகள் தொடக்கத்தில் வலுவைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டின. அவ்வகை உலையின் இவ்வியல்பு 1983 இலேயே லிதுவேனியாவின் இக்னாலினா நிலையத்திற் காணப்பட்டிருந்தது. வடிவமைத்தோர் அதனை அறிந்திருந்தனர். செர்னோபிலில் இயக்குவோருக்கு அது உரியவாறு எடுத்துரைக்கப்படவில்லை. 1986 இல் சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் ஆலோசனைக் குழு இயக்குவோரையே பெரிதும் பழித்தது. 1992 இல் அதே குழு தன் தீர்ப்பைத் திருத்தி, உலையின் வடிவமைப்பிலிருந்த குறைகளை முன்னிறுத்தியது. கட்டுப்பாட்டுப் பலகையின் முன் நின்ற இளைஞர் இருபத்தைந்து வயதில், விபத்து நிகழ்ந்து மூன்று வாரங்கள் முடியுமுன்னரே, மாண்டுவிட்டார். திருத்தப்பட்ட தீர்ப்பு அவரை எட்டவில்லை.

இவற்றைக் கொண்டு சிமியுலேற்றர் பயனற்றதெனத் துணிவது அவசரத் துணிபாகும். திறீ மைல் ஐலன்டின் பின்னர் அமெரிக்காவிலே பயிற்சி பெரிதும் மாற்றப்பட்டது. 1987 இல் திருத்தப்பட்ட ஒழுங்குவிதிகளின்படி இயக்குவோருக்கான தேர்வு, அவர் பணிபுரியும் நிலையத்தையே ஒத்த சிமியுலேற்றரிலே நடத்தப்படலாயிற்று. அமுக்கம் வீழ நீர்மட்டம் ஏறும் நிலை இன்று பாடங்களுள் ஒன்று. எட்டுச் செக்கன்களுள் முடிய வேண்டிய செயலுக்கு ஐயமும் ஆராய்ச்சியும் உதவா. பழகிய கையே உதவும். ஒவ்வொரு விளக்கையும் பொய்யோ என ஐயுறுவோன் எதனையும் செய்யமாட்டான். ஆகவே பழக்கத்தை விட்டு ஐயத்தைக் கொள்க என்பது தீர்வாகாது.

எனினும் பழக்கத்தால் வரும் துணிவைப் பற்றி அரிஸ்ரோட்டிலே ஓர் எச்சரிக்கை விடுத்துள்ளார். கூலிப் போர்வீரர் அஞ்சாதவர் போலத் தோன்றுவர். ஏனெனில் போரிலே வெற்று அச்சங்கள் பல உண்டு என்பதை அனுபவத்தால் அவர்கள் அறிவர். ஆபத்து தம் வலிமையையும் கருவியையும் விஞ்சும்போது முதலில் ஓடுபவரும் அவர்களே என்பார் அவர். போலியறையின் மணிகள் யாவும் வெற்று அச்சங்கள். அங்கே பயில்வோர் ஒவ்வொருவருக்கும், பழுது ஒன்று வரும், அதற்கு விடை உண்டு, அவ்விடை பயிற்றுநருக்குத் தெரியும் என்பது தெரியும். கண்ணாடிக்கு அப்பால் ஒருவர் இருக்கின்றார் என்னும் அந்நம்பிக்கையை எவரும் நிரலிடவில்லை. ஆயினும் எல்லாப் பாடங்களிலும் ஆழமாகப் பதிவது அதுவே. விடையற்ற பழுதைப் பயிற்றுநர் கொடுக்கலாமா? கொடுப்பின் தேர்வுக்குப் புள்ளி இடுவது எங்ஙனம்? இவ்வினாவைப் பயிற்சித் துறையினர் அறவினாவாகக் கொள்ளாது நேர அட்டவணையின் வினாவாகவே கொண்டுவிடுவது எளிது.

திறீ மைல் ஐலன்டின் பின்னர் செய்யப்பட்ட மாற்றங்களுள் ஒன்று ஈண்டு தனியே கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு பணிமுறையிலும், பிடிகளைத் தொடாது சற்று விலகி நின்று, நிகழ்வதன் பொருளை மட்டும் ஆராயும் ஆலோசகர் ஒருவர் இருத்தல் வேண்டுமென அமெரிக்காவில் விதிக்கப்பட்டது. விடியற்காலையில் வெளியிலிருந்து வந்து வால்வை ஐயுற்றவரை நிரந்தரப் பதவியாக்கியது போன்றது இவ்வேற்பாடு. செய்யும் கையிடத்தே பழக்கமும், பார்க்கும் கண்ணிடத்தே ஐயமும் இருக்கட்டும் என ஒரே மனத்தின் இரு கடமைகளை இருவருக்குப் பங்கிட்டமை, புத்தகத்து அறவியல் எட்டாத நடைமுறை அறிவு எனலாம்.

ஆயினும் பார்ப்பதற்கு விளக்கேனும் எரிதல் வேண்டும். 2011 மார்ச் 11 ஆம் திகதி யப்பானின் புக்குஷிமா டாய்-இச்சி நிலையத்தைக் கடற்பேரலை தாக்கியபோது, முதலாம், இரண்டாம் உலைகளுக்குப் பொதுவான கட்டுப்பாட்டறையிலே மின்கலங்களின் மின்சாரமும் அற்றுப்போயிற்று. விளக்குகளும் கருவிகளும் ஒருங்கே இருண்டன. அங்குள்ளோர் பயின்ற சிமியுலேற்றர்ப் பயிற்சியில் எந்தப் பழுதிலும் பலகையாவது உயிரோடிருந்தது. பலகையே மாண்டுபோகும் பாடம் அதில் இடம்பெறவில்லை. முதலாம் உலையை மின்சாரமின்றிக் குளிர்விக்கக்கூடிய கருவி ஒன்று இருந்தது. அதனை மெய்யாக இயக்கிப் பழகியவர் அவர்களுள் எவரும் இலர். அது இயங்குகின்றதா நின்றுவிட்டதா என்பதையே அவர்களாலே துணிய முடியவில்லை.

அவர்கள் ஓடவில்லை. கைவிளக்குகளை ஏந்தி, நிலையத்து வாகனங்களிலிருந்து மின்கலங்களைக் கழற்றிச் சுமந்து வந்து, இருண்ட பலகையின் பின்புறத்தே கருவிகளோடு ஒவ்வொன்றாக இணைத்தனர். இதற்கு எந்தப் போலியறையிலும் பயிற்சி இருக்கவில்லை. இரவு ஒன்பது மணி கடந்து முதலாம் உலையின் நீர்மட்டக் கருவி உயிர்பெற்றது. எரிபொருளின் உச்சிக்கு மேலே 200 மில்லிமீற்றர் நீர் நிற்பதாக அது காட்டியது. உள்ளே நீர் வற்றி, எரிபொருள் அழியத் தொடங்கிச் சில மணி நேரம் கழிந்திருந்தது.